சட்டைப்பையில் ஒரு ஹெட்கிளார்க்!

ஒரு சின்னப் பரீட்சை. படிப்பதை அரை நிமிஷம் நிறுத்திவிட்டு இந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஒன்று: உங்கள் ஆபீஸ் பிரிண்டருக்கு எந்த நம்பர் டோனர் வாங்க வேண்டும்?

இரண்டு: போன மாத மீட்டிங்கில், 'விடுங்க சார், இதை நான் பார்த்துக்கறேன்' என்று நீங்கள் மார்தட்டிய சமாச்சாரம் எது?

மூன்று: ஏ.ஸி. மெக்கானிக்கின் நம்பர் உங்கள் போனில் எந்தப் பெயரில் இருக்கிறது? ('ஏ.ஸி.', 'ஏ.ஸி. புதுசு', 'ஏ.ஸி. அண்ணன்', 'ஏ.ஸி. இவர்தான்' - இந்த நாலில் எவர் நிஜமாகவே வருகிறவர்?)

மூன்றுக்கும் டக்கென்று பதில் சொன்ன புண்ணியவான்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டி அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போகலாம். மற்றவர்கள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

ஹெட்கிளார்க் சார் போன பிறகு...

முன்பெல்லாம் ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு ஹெட்கிளார்க் இருப்பார். நெற்றியில் விபூதி, கையில் மூக்குப்பொடி டப்பா, சட்டைப்பையில் அட்டை பிய்ந்த ஒரு குட்டி டைரி. மானேஜர் தொண்டையைக் கனைத்தாலே போதும். "அந்தக் கோயமுத்தூர் பார்ட்டி கடுதாசிதானே சார்? மூணாவது அலமாரி, கீழ்த்தட்டு, எலி கடிச்ச பைலுக்குப் பக்கத்து பைல்" என்பார்.

எல்லோரும் அவர் மூளையைப் புகழ்ந்தார்கள். உண்மையில் வேலை செய்தது டைரிதான். எதையும் அன்றே, அங்கேயே எழுதிவிடுவார். பேப்பர் இல்லாவிட்டால் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம். சாயங்காலம் கிளம்புமுன் பஸ் டிக்கெட் சங்கதிகள் டைரிக்குக் குடிபோய்விடும்.

ஒரே ஒரு கோளாறு. அவர் ரிடையர் ஆன அன்று சந்தன மாலை, சுவர்க்கடிகாரம், குரூப் போட்டோவோடு அந்த டைரியும் ஆட்டோ ஏறிப் போய்விடும். மறுநாள் காலை ஆபீஸுக்கே ஞாபகமறதி!

இப்போது ஹெட்கிளார்க்கும் இல்லை, டைரியும் இல்லை. பதிலுக்கு நம்மிடம் இருப்பது ஆபீஸ் கம்ப்யூட்டர், கையில் போன், வீட்டில் லாப்டாப். விலை வாட்ஸப்பில் இருக்கும். தேதி மெயிலில் இருக்கும். அளவு மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் இருக்கும் (ஃபேன் போட்டால் அது அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்குப் பறந்திருக்கும்). போன் நம்பரை உள்ளங்கையில் எழுதியிருப்போம். மத்தியானம் சாம்பார் சாதத்தோடு அது உள்ளே போய்விடும்.

மறதி உங்கள் தப்பில்லை!

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்று ஜெர்மனியில் ஒரு உளவியல் அறிஞர். அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் புத்தகம் போட்டார். அவர் கண்டது: படித்ததில் பெரும்பகுதி ஆரம்ப மணி நேரங்களிலேயே மடமடவென்று கழன்று விடுகிறது. மிச்சமிருப்பது அப்புறம் மெதுவாகத்தான் கரைகிறது. ஆகவே 'மத்தியானம் சாப்பிட்டுட்டு எழுதிக்கலாம்' என்பதற்குள் சரக்கில் பாதி போயிருக்கும். எழுதுவதென்றால் சுடச்சுட எழுத வேண்டும்.

இன்னொரு ஜெர்மன்காரர் நிக்லாஸ் லூமான், சமூகவியல் பேராசிரியர். 1998-ல் காலமானார். படித்ததையும் தோன்றியதையும் சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, 'இதையும் பார், அதையும் பார்' என்று சீட்டுக்குச் சீட்டு முடிச்சுப் போட்டு மரப்பெட்டிகளில் வைத்திருந்தார். மொத்தம் சுமார் 90,000 சீட்டுகள்! அதிலிருந்து டஜன் டஜனாகப் புத்தகங்கள், நூற்றுக்கணக்கில் கட்டுரைகள். கம்ப்யூட்டர் கிடையாது. நாம் கையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, 'அந்த பி.டி.எஃப். எங்கே போச்சு?' என்று காரிடாரில் நடந்துகொண்டிருக்கிறோம்.

ஆப் என்ன செய்கிறது?

இந்த மரப்பெட்டியைத்தான் 'நோட்ஸ் ஆப்' என்ற பெயரில் போனுக்குள் போட்டுக் கொடுக்கிறார்கள். மைக்ரோஸாஃப்டின் ஒன்நோட், ஆபீஸ் 2003-ன் கூடவே வந்தது. எவர்நோட் 2008-ல் வந்தது. கூகுள் கீப் 2013-ல், நோஷன் 2016-ல், அப்ஸிடியன் 2020-ல். ஆப்பிள் போன்காரர்களுக்குக் கூடவே ஒரு நோட்ஸ். 'ஜாப்ளின்' என்று ஓப்பன் ஸோர்ஸ் கட்சியும் உண்டு. தேர்தல் சமயத்து சின்னங்கள் மாதிரி எக்கச்சக்கம்.

பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை ஒன்றுதான். நீங்கள் போனில் எழுதியதும் அது நெட் வழியாக எங்கோ ஒரு சர்வருக்குப் போகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதே ஆப்பைத் திறந்தால், 'புதுசா என்ன வந்திருக்கு?' என்று சர்வரைக் கேட்டு வாங்கிக் காட்டுகிறது. இதற்குப் பெயர் ஸிங்க். போன் தொலைந்தாலும் எழுத்து தொலையாது.

தகராறு எப்போது வரும் தெரியுமா? நெட் இல்லாத பேஸ்மெண்டில் நின்றுகொண்டு போனில் ஒரு நோட்டைத் திருத்துகிறீர்கள். அதே நோட்டை ஆபீஸில் உங்கள் ஜூனியர் வேறு மாதிரி திருத்துகிறார். நெட் வந்ததும் சர்வர் திருதிருவென்று விழிக்கிறது. சில ஆப்கள் இரண்டையும் தனித்தனிக் காப்பியாக வைத்து, 'நீங்களே பார்த்துக்குங்க' என்று ஒதுங்கிவிடும். சிலவற்றில் கடைசியாக வந்தவர் எழுத்தே ஜெயிக்கும். எனவே ஒரு நோட்டை இரண்டு பேர் தொடுவதென்றால், பழைய வரியை அழித்துத் திருத்தாமல் கீழே புது வரியாகச் சேர்ப்பது உத்தமம். பக்கத்தில் உங்கள் இனிஷியல். பழைய ரிஜிஸ்டர் கணக்குதான்!

வீட்டில் இதையெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். என் மனைவி கொட்டாவி விட்டாள். அவள் பல வருஷம் முன்பே வழி கண்டுபிடித்தவள். என் அம்மாவையும் சேர்த்து வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்து, அடுத்த நிமிஷமே அம்மாவை நீக்கிவிட்டாள். மிச்சம் அவள் மட்டும். மளிகை லிஸ்ட், கேஸ் புக்கிங் நம்பர் எல்லாம் அதில்! 2022 நவம்பரில் வாட்ஸப்காரர்களே 'உங்களுக்கு நீங்களே செய்தி அனுப்பலாம்' என்று அறிவித்தபோது அவள் கொஞ்சமும் அசரவில்லை. (குரூப்பிலிருந்து ஏன் நீக்கினாள் என்று அம்மா இன்றுவரை என்னிடம் விசாரித்துக் கொண்டிருக்கிறார்.)

வாட்ஸப் வழி மோசமில்லை. ஆனால் அது ஓடுகிற ஆறு. நேற்று போட்டது நாளைக்குக் கீழே போய்விடும். தலைப்பு கிடையாது, அலமாரி கிடையாது. வீட்டு லிஸ்டுக்குப் போதும். நாற்பது சப்ளையர்கள், நூறு அயிட்டங்கள் என்றால் தாங்காது.

என் அலமாரியில் நாலு தட்டு

நான் இருப்பது ஒரு தனியார் தொழிற்சாலையின் பர்ச்சேஸ் செக்‌ஷனில். எனக்கு ஒத்துவந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். எந்த ஆப்பிலும் செய்யலாம்.

முதல் தட்டு 'இன்று'. போனில் வந்தது, காரிடாரில் மானேஜர் சொன்னது, எல்லாம் அடித்தல் திருத்தலோடு இதில். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டாவது 'வேலை'. நடந்து கொண்டிருக்கும் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நோட். மூன்றாவது 'ஆட்கள்'. யார், எந்தக் கம்பெனி, எதற்கு, எப்போது கூப்பிட்டால் எடுப்பார். ('மத்தியானம் 2-லிருந்து 4 வரை தூங்குவார்' என்பதும் வியாபார ரகசியமே!) நான்காவது 'கிடங்கு'. முடிந்து போனவை. தூக்கிப் போடுவதில்லை.

தலைப்பில் தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் எழுதுவேன். 2025-06-09 என்பது போல. பெயர்வாரியாக அடுக்கச் சொன்னால் தானாகவே தேதிவாரியாக அடுக்கிக் கொண்டு நிற்கும், பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி.

இன்னொரு உபாயம், நம்மவர்களுக்கு ரொம்ப முக்கியம். தமிழில் 'பம்ப்' என்று எழுதிவிட்டு இங்கிலீஷில் தேடினால் பெரும்பாலும் ஆப் கையை விரித்துவிடும். எனவே நோட்டின் கடைசி வரியில் தேடப்படக்கூடிய வார்த்தைகளை இரண்டு மொழியிலும் போட்டு வையுங்கள். பழைய தமிழ் ஃபான்ட்டுகளில் அடித்த ஆவணத்தை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். செவ்வாய் கிரகத்து பாஷையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

மெஷினில் அடித்திருக்கும் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்து நோட்டில் போடலாம். கீப், ஒன்நோட் போன்றவை படத்திலிருக்கும் இங்கிலீஷ் எழுத்தைப் பிரித்தெடுத்தும் தரும். ஆனால் ஸீரோவையும் 'ஓ' எழுத்தையும் மாற்றிப் படிக்கும் சுபாவம் உண்டு. ஆர்டர் போடுமுன் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இதனால் என்ன லாபம்? ஒரு சம்பவம். போல்ட், நட் சப்ளையர் ஒருவர் விலையை ஏற்றி பில் அனுப்பியிருந்தார். போன் செய்தேன்.

"அந்த ரேட்டுக்கு நான் ஒத்துக்கவே இல்லையே சார்!"

நோட்டைத் திறந்தேன். "14-ந் தேதி காலை 11.20 சார். லேத் சத்தத்துக்கு நடுவுல பேசினீங்க. 'மூணு மாசத்துக்கு இதே ரேட்டு'ன்னீங்க. நடுவுல யாரையோ 'டீயில சக்கரை கம்மி'ன்னு திட்டினீங்க."

மறுமுனையில் அமைதி. அப்புறம் ஒரு பெருமூச்சு. "டீ விஷயம் கரெக்ட் சார். அப்ப ரேட்டும் கரெக்டாத்தான் இருக்கும்!"

கோர்ட்டில் இது சாட்சி ஆகுமா என்று கேட்காதீர்கள். அதற்குத்தான், பேசி முடித்த அன்றே 'நாம் பேசியபடி...' என்று ஒரு மெயிலும் தட்டிவிடுவது. அந்த மெயிலை எழுதவும் நோட்தான் வேண்டும்.

ஒரு விரல் ரேகை

இனிச் சொல்லப் போவது சிரிக்கிற சமாச்சாரம் இல்லை.

எங்களிடம் மெயின்டனன்ஸ் பார்க்கும் நண்பர் ஒருவர் உண்டு. கெட்டிக்காரர். எந்த மெஷினுக்கு எந்த ஸ்பேர், எங்கே ஆர்டர் கொடுத்திருக்கிறது, யாரைக் கூப்பிட்டால் ராத்திரியிலும் வருவார், எல்லாம் விரல்நுனியில். அதாவது, அவர் சொந்த போனில். தேதி போட்டு அழகாக எழுதி வைத்திருப்பார். அவருக்கு மட்டும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸ் வரும் வழியில் பைக் சறுக்கி, தலையில் அடிபட்டு, ஐ.ஸி.யூ.வில் சேர்த்துவிட்டார்கள். அதே அன்று மத்தியானம் பெரிய கம்ப்ரஸர் படுத்துவிட்டது. ஒரு ஷிஃப்ட் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பார்ட் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்ததாக அவர் வெள்ளிக்கிழமை சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. யாரிடம் என்பதுதான் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குத்தானே போறீங்க? அவர் போனை வாங்கிப் பாருங்க. விரல் ரேகை வெச்சாத் திறக்கும்" என்றார் மேலே இருந்த ஒருவர். அவர் கெட்டவர் இல்லை. அவர் தலைக்கு மேலேயும் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

போனேன். ஐ.ஸி.யூ.வுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி. மடியில் ஒரு பாலிதீன் பை. அதில் வாட்ச், செருப்பு, கீறல் விழுந்த அந்த போன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது அடித்தது. ஒவ்வொரு தடவையும் டாக்டர்தான் ஏதோ சொல்கிறாரோ என்று பதறி எடுத்துப் பார்த்தார். எல்லாம் ஆபீஸ் நம்பர்.

"ஏதாவது வேணுமாண்ணா?" என்று அவர்தான் என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்றேன். உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். போனைப் பற்றிப் பேசவில்லை.

அப்புறம் நாலு நாள், பழைய பில்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, நாங்கள் மூன்று பேர் ஒவ்வொரு சப்ளையராகக் கூப்பிட்டுக் கண்டுபிடித்தோம். இருபத்தி மூன்றாவது ஆள் சொன்னார்: "பார்ட் வந்து ரெண்டு நாளாச்சே சார். அவர் போன் எடுக்கலைன்னுதான் வெச்சிருக்கேன்!"

நண்பர் பிழைத்தார். வார்டுக்கு மாற்றிய அன்று பார்க்கப் போனபோது, கட்டுப் போட்ட தலையோடு அவர் கேட்ட முதல் கேள்வி: "கம்ப்ரஸர் என்ன சார் ஆச்சு?" அவர் மனைவி முகத்தைத் திருப்பிக் கொண்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

எவ்வளவு நன்றாக எழுதி வைத்தாலும், ஒருவரே திறக்கக்கூடிய பெட்டியில் வைத்தால், அதுவும் ஆட்டோ ஏறிப்போன டைரிதான். இப்போது எங்களிடம் ஆபீஸ் பெயரிலேயே ஒரு பொது நோட்டுப்புத்தகம் இருக்கிறது. மெஷின், ஸ்பேர், ஆர்டர், ஆள் எல்லாம் அதில். குறைந்தது இரண்டு பேருக்குச் சாவி. நண்பர் லீவு போட்டால் அவர் போன் அடிப்பதில்லை. அந்த வீட்டில் இதற்காகவே எனக்கு ஸ்பெஷலாக ஒரு ஃபில்டர் காபி உண்டு.

எதை எழுதக் கூடாது?

ஏ.டி.எம். பின் நம்பர், பாஸ்வேர்டு, கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்கம், ஆதார் போட்டோ - இவற்றை நோட்ஸ் ஆப்பில் வைக்காதீர்கள். பல ஆப்களில் நீங்கள் எழுதுவது சர்வரில், சாவி அவர்கள் கையில். உங்கள் மெயில் பாஸ்வேர்டு எவனிடமாவது மாட்டினால் நோட்டுகளும் கூடவே போகும். பாஸ்வேர்டுகளுக்கென்றே தனிப் பூட்டு ஆப்கள் இருக்கின்றன.

அதேபோல், ஆபீஸ் ரகசியத்தையும் கஸ்டமர் விவரத்தையும் சொந்தக் கணக்கில் போடலாமா என்று முதலில் கம்பெனியைக் கேளுங்கள். வேலையை விட்டுப் போகும்போது 'அந்த நோட்டு எங்களுடையது' என்று அவர்கள் சொல்ல, 'இல்லை, என்னுடையது' என்று நீங்கள் சொல்ல, வீண் மனஸ்தாபம்! அது ஆபீஸ் அலமாரி, இது வீட்டு அலமாரி. முதல் நாளே பிரித்து வைத்துவிடுங்கள்.

யானையும் மறக்கும்!

எவர்நோட்டின் சின்னம் யானைத் தலை. யானை எதையும் மறக்காது என்று தாத்பரியம். ஒரு காலத்தில் நோட்ஸ் ஆப் என்றாலே எவர்நோட்தான். 2016-ல் இலவசக் கணக்குக்கு இரண்டு கருவி மட்டும் என்றார்கள். 2022 நவம்பரில், இத்தாலியைச் சேர்ந்த பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற கம்பெனி வாங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 நோட், ஒரே ஒரு நோட்டுப்புத்தகம் என்று வரம்பு கட்டினார்கள். வருஷக்கணக்கில் ஆயிரக்கணக்காகச் சேர்த்த இலவச ஆசாமிகள் திகைத்தார்கள்.

அவர்களைத் திட்டிப் பயனில்லை. இலவசமாகக் கொடுத்து எத்தனை நாள் கடை நடத்த முடியும்? கூகுளே 2006-ல் 'கூகுள் நோட்புக்' என்று ஆரம்பித்து 2012-ல் மூடியது. ஆப்கள் வரும், போகும். உங்கள் எழுத்து போகக் கூடாது.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 'எக்ஸ்போர்ட்' செய்து ஒரு காப்பி எடுத்து வையுங்கள். கீப் வைத்திருப்பவர்களுக்கு 'கூகுள் டேக்அவுட்' என்ற வசதி இருக்கிறது. (பார்சல் சாப்பாடு மாதிரி எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிடும்.) அப்ஸிடியன் போன்றவை நோட்டுகளைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைக்கின்றன. ஆப் போனாலும் ஃபைலை எதிலும் திறக்கலாம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா?' என்பதுதான்.

கடைசியாக ஒரு வியாதி

எங்கள் ஆபீஸில் ஓர் இளைஞர். மஞ்சள் என்றால் அவசரம், பச்சை என்றால் முடிந்தது, ஊதா என்றால் யோசிக்க வேண்டியது என்று நோட்டுகளுக்குக் கலர் அடித்துக் கொண்டே இருப்பார். மாதம் ஒரு புது ஆப் மாற்றுவார். எல்லாம் அழகாக இருக்கும், வேலையைத் தவிர. "தம்பி, அந்த குஜராத் பார்ட்டிக்கு ரிமைண்டர் அனுப்பியாச்சா?" என்றால், "ஊதாவில இருக்கு சார்!"

அலமாரி துடைப்பதே உத்தியோகம் ஆகிவிடக்கூடாது. எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினைந்து நிமிஷம் போதும். 'இன்று' தட்டைக் காலி செய்வேன். வேலையாக இருந்தால் 'வேலை'க்கு, முடிந்தால் 'கிடங்கு'க்கு, குப்பையென்றால் குப்பைக்கு. திங்கட்கிழமை காலை மானேஜர் தொண்டையைக் கனைக்கும்போது சட்டைப்பையில் கை வைத்தால் போதும். ஹெட்கிளார்க் சார் பதில் சொல்லிவிடுவார்.

'சூப்பர் சார்! எல்லாத்தையும் நோட் பண்ணிக்கிட்டேன்' என்கிறீர்களா?

சரி... எதில்?